ஆறு பேர், 408 கிலோ

சென்ற மாதம் உறவினர் ஒருவரின் கிரகப்பிரவேசத்துக்குச் சென்றிருந்தேன். சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வீடு நான்காவது மாடியில். லிஃப்டில் ஏற்கெனவே ஐந்து பேர் நின்றிருந்தார்கள். புது வீட்டுக்குப் போகிறோமே என்று நான் வலது காலை எடுத்து வைத்து ஏறினேன். இடது காலும் உள்ளே வந்து சேர்ந்தபோதுதான் மணி அலறத் தொடங்கியது. வெளியே வந்தேன், நின்றது. சந்தேகத்தின் பலனை எனக்கே அளித்து மறுபடியும் ஏறினேன், மறுபடியும் அலறியது. எனக்குப் பின்னால் நின்ற ஒல்லியான கல்லூரி மாணவன் ஒருவன், "அங்கிள், நான் போயிடட்டுமா?" என்று மிகுந்த பணிவுடன் கேட்டுவிட்டு நுழைந்தான். கதவு ஓசையின்றி மூடிக்கொண்டது.

மூடுவதற்குள், உள்ளே பதித்திருந்த தகட்டைப் படித்துவிட்டேன்: ஆறு பேர், 408 கிலோ. நம் நாட்டில் லிஃப்டுக்குக் கணக்குப் போடும்போது ஆளுக்கு 68 கிலோ என்று வைத்துக்கொள்கிறார்கள். எட்டுப் பேருக்கான லிஃப்டில் 544 என்று போட்டிருப்பதும் அதனால்தான். என் திருமணத்தின்போது என் எடை சரியாக 68 கிலோ. லிஃப்ட் செய்கிறவர்கள் மனத்தில் நினைத்திருந்த அந்த உத்தம இந்தியனாகவே நான் சில காலம் வாழ்ந்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இன்றைய எடை 86. அதே இரண்டு இலக்கங்கள்தாம். இடம் மாறி உட்கார்ந்துவிட்டன.

நடுவில் வந்து சேர்ந்த இந்த 18 கிலோ சாதாரணமானதன்று. சமையலறை சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவே 14.2 கிலோதான். ஆனால் அதைவிட அதிகமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம் என்ற உணர்வே எனக்கு வருவதில்லை. நான் உணர்வதெல்லாம் தொலைவைத்தான். பாதங்கள் எட்டப் போய்விட்டன; தரை தாழ்ந்துவிட்டது. கால் நகம் வெட்டுவதற்கு, முத்துக்குளிக்கிறவரைப் போல மூச்சை அடக்கி ஒரு முழுக்குப் போட்டு, இரண்டு விரல்களை முடித்துவிட்டு மேலே வந்து காற்று வாங்க வேண்டியிருக்கிறது. குனியும்போது வயிறு உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைந்துபோவதே காரணமாம். காரணம் தெரிந்தபின்பும் பாதம் பக்கத்தில் வரவில்லை.

படியேறினேன். முதல் மாடி வரை கைப்பிடிச் சுவரைத் தொடாமல், இரண்டாவது வரை தொட்டுக்கொண்டு, அதற்குமேல் சுவரே என்னை ஏற்றிச்சென்றது. உடலில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் நடக்கும்போது முழங்காலில் ஏறத்தாழ நான்கு கிலோ சுமையாக இறங்கும் என்கிறார்கள். 18-ஐ நான்கால் பெருக்கினால் 72. மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற அந்த 68 கிலோக்காரரையே, மாலை, பட்டுவேட்டி சகிதம் என் முழங்கால்கள் தூக்கிக்கொண்டு ஏறின என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே கூடத்தில் பாய் விரித்துப் பந்தி போட்டிருந்தார்கள். சம்மணமிட்டு உட்கார்வது முன்பெல்லாம் ஒரே செயல். இப்போது வலது கால் மடங்கினால் இடது கால் நிமிர்ந்துகொள்கிறது. இலை எதிரில்தான் இருந்தது, ஆனால் அதற்கும் எனக்கும் நடுவில் நானே இருந்தேன். கையில் அள்ளிய ரசம் சோறு வாயை வந்தடைவதற்குள், வழியில் சட்டையின் நடுப்பகுதி தன் பங்கை எடுத்துக்கொண்டது. முன்பு சிந்தினால் மடியில் விழும், யாருக்கும் தெரியாது. இப்போது மேடையில் விழுகிறது. பக்கத்து இலையில் அமர்ந்திருந்த என் பெரியம்மா, எழுபதைக் கடந்தவர், கையைக்கூட ஊன்றாமல் எழுந்து நின்று, "எந்திரிப்பா, அடுத்த பந்திக்கு ஆள் நிக்குது" என்றார். நான் பக்கவாட்டில் திரும்பி, ஒரு முழங்காலை ஊன்றி, சுவரைத் தேடி, எழுந்தேன். பின்னால் நின்றவர்கள் பொறுமைசாலிகள்.

இறங்கும்போது ஒரு தந்திரம் செய்தேன். லிஃப்ட் வந்ததும் முதல் ஆளாக நுழைந்து, ஆகக் கடைசி மூலையில் போய் நின்றுகொண்டேன். பெரியம்மாவும் இன்னும் மூன்று பேரும் ஏறினார்கள். மணி மூச்சுவிடவில்லை. கடைசியாக அந்தக் கல்லூரிப் பையன் ஓடிவந்து காலை உள்ளே வைத்தான்.

மணி அலறியது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தன் ஒட்டிய வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "சாப்பாடு பலமோ, தம்பி?" என்று பெரியம்மா கேட்டார்.

நான் தகட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.