பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தை நம்பி வீடு கட்டாதீர்கள்

வீடு கட்டப் போகிறவரிடம் மண் பரிசோதனை பண்ணியாச்சா என்று கேட்டால் நம்ம ஊரில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "பக்கத்து வீட்டுக்காரன் நாலடி தோண்டிக் கல்லு கட்டிட்டான், நல்லாத்தானே நிக்குது." நிற்கட்டும், சந்தோஷம். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் பக்கத்து வீடு உங்கள் மண்ணுக்குச் சாட்சி சொல்லாது. கல்குளம், விளவங்கோடு பக்கம் மேட்டில் சிவந்த சரல் மண், அதே மேட்டை விட்டு இறங்கினால் ஏலாவில், அதாவது வயலில், கறுத்த சேறு, குளச்சல், மணவாளக்குறிச்சி போய்விட்டால் கடல்மணல். ஒரே தெருவின் மேல்முனை மண்ணுக்கும் கீழ்முனை மண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது.

எனக்குப் பயமெல்லாம் வயலை நிரப்பிப் போட்ட மனைகளைப் பார்த்தால்தான். லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, ஜேசிபியை நாலு தடவை மேலே ஓட்டி, கல் நட்டு விற்கும்போது பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். கீழே என்ன இருக்கிறது என்பது போர், அதாவது மண்ணைச் சோதிக்க ஒரு துளை, போட்டால்தான் தெரியும். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, கம்பி நுனியில் மாட்டிய குழாயை 45 செ.மீ. மண்ணுக்குள் இறக்குவார்கள். கம்பியில் 15 செ.மீ.க்கு ஒரு சாக்பீஸ் கோடு. முதல் கோடு வரை விழும் அடி கணக்கில் சேராது, ஏனென்றால் துளை போடும்போது கலங்கிய மண் அது. அடுத்த இரண்டு கோட்டுக்கும் விழுந்த அடிகளைக் கூட்டினால் அதுதான் எஸ்பிடி (ஸ்டாண்டர்ட் பெனட்ரேஷன் டெஸ்ட்) எண், மண் எவ்வளவு இறுக்கம் என்று சொல்வது. மணலில் 10க்குக் கீழே வந்தால் தளர்ந்த மண், 30க்கு மேல் போனால் நல்ல இறுக்கம். களிமண்ணில் 4க்குக் கீழே என்றால் அந்த ஆழத்தில் சாதாரணக் கல் அஸ்திவாரத்தை மறந்துவிடலாம்.

அந்தக் குழாய் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிரியும். நிரப்பிய ஒரு மனையில் அதைப் பிரித்தபோது, மேலே எடுத்த மண் முழுக்கச் செம்மண், அதற்கடுத்து எடுத்ததில் கறுப்புக் களி, நடுவில் பாதி மக்கிய வைக்கோல், குப்பென்று சேற்று நாற்றம். கட்டைவிரலை வைத்து அமுக்கினால் உள்ளே போகிறது. சுத்தியல் ஒரு தடவை விழுந்ததும் கம்பி 15 செ.மீ. இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரருக்கு அதற்கப்புறம் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொட்டிய மண்ணே ஒரு பாரம், அந்தப் பாரத்தில் கீழே இருக்கும் களி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும், அதிலும் வீட்டின் ஒரு பாதி நிரப்பிய மண்ணிலும் மறு பாதி பழைய கரையிலும் வந்துவிட்டால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓட ஆரம்பிக்கும். பூசி மறைக்கலாம், திரும்ப வரும்.

"எங்க அப்பா காலத்துல யாரு தம்பி மண்ணு பாத்தா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்கள் வயலில் நெல் போட்டார்கள், மேட்டில் வீடு போட்டார்கள், மேலே வெறும் ஓடு. நாம் வயலில் மூன்று மாடி கேட்கிறோம்.

சரி, மேட்டு நிலம் என்றால் பயமே இல்லையா? சரல் மேலே பாறை மாதிரி இருக்கும், பிக்காசு போட்டால் தெறிக்கும், ஆனால் சில இடங்களில் அதற்குக் கீழே வெள்ளைக் களி மெத்தென்று கிடக்கும். மேல்தட்டைக் குடைந்து அந்தக் களிமேல் அஸ்திவாரத்தை உட்கார வைப்பதை விட, கொஞ்சம் மேலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. மலையடிவாரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. சுத்தியல் எகிறியதும் "பாறை வந்துட்டு" என்று கம்பியை உருவிவிடுவார்கள். அது மண்ணுக்குள் தனியாகக் கிடக்கும் உருண்டைக் கல்லாகவும் இருக்கலாம். அதையும் துளைத்துக் கீழே பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தள்ளி இன்னொரு போர் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் தண்ணீர். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கோடையில் போர் போட்டுவிட்டு, தண்ணீரே காணோம் என்று ரிப்போர்ட்டில் எழுதினால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மணல் பூமியில் தண்ணீர் அஸ்திவார மட்டம் வரை ஏறினால் மண் தாங்கும் திறன் பாதி வரை குறைந்துவிடலாம். பக்கத்துக் கிணற்றில் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு, அதை எஞ்சினீயரிடம் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தில், மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று இருக்கும் ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. அதை விட, ஆழவாரியாக எஸ்பிடி எண் எப்படி மாறுகிறது என்ற பட்டியலைப் பாருங்கள். கீழே போகப் போக எண் குறைந்தால் கேள்வி கேளுங்கள். போர் போட்ட இடம் வீடு வரும் இடம்தானா, காம்பவுண்டு ஓரமா என்றும் பாருங்கள். வண்டி நிறுத்த வசதியான மூலையில் போட்டுவிட்டுப் போவது நடக்காத விஷயம் இல்லை, அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டு நீங்களே போய் நில்லுங்கள்.

மனை இன்னும் வாங்கவில்லை என்றால் வேலை சுலபம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், என் செலவில் ஒரு போர் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று விற்கிறவரிடம் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு" என்று இழுத்தால் பைல் அஸ்திவாரத்துக்கு, அதாவது கெட்டி மண் வரை ஆழமாகத் தூண் இறக்கிக் கட்டுவதற்கு, ஆகும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கழிக்க மாட்டேன் என்றால் வேறு மனை பாருங்கள்.