‘குரல் கேட்கிறதா?’ தம்பி தலையாட்டிவிட்டான்

அம்மா இறந்து 40 நாள்கூட ஆகவில்லை. தம்பிக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, தையற்கடைக்கும் போகவில்லை. பிறவியிலேயே காது கேளாதவன். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, கேள்வியெல்லாம் என்னிடம்தான். முகக்கவசம் வேறு போட்டிருந்ததால் அவனால் உதட்டசைவையும் படிக்க முடியவில்லை. “குரல் ஏதாவது கேட்கிறதா என்று கேளுங்கள்.” காதையும் வாயையும் தொட்டுக் காட்டிக் கேட்டேன். தலையாட்டினான். புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவது சின்ன வயதிலிருந்தே அவன் பழக்கம். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. தாளில் எழுதச் சொன்னபோது, “அம்மா சாவு நான் தூக்கம் இல்லை வீடு காலி பயம்” என்று எழுதினான். சைகை மொழியில் சிந்திப்பவன் எழுதினால் தமிழ் இப்படி வருவதுண்டு. டாக்டரோ குரல் கேட்கிறது, எண்ணத்தில் கோர்வை இல்லை என்று முடிவுகட்டி, மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, எண்ணம் குழம்புவது போன்றவை வரும் மனநோய்) மாத்திரை எழுதிவிட்டார். 7 நிமிடத்தில் முடிந்தது. மூன்று வாரம் எச்சில் வடியச் சுருண்டு கிடந்தான்.

அடுத்த முறை சைகை மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். “அக்கா நீங்கள் இருக்கிறீர்களே, அப்புறம் என்னம்மா?” என்று திருப்பி அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்தது சாப்பாடு, தூக்கம், காசு என்று வீட்டுச் சைகை மட்டும். அதை வைத்து மனதைக் கேட்க முடியாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 4ஆம் பிரிவு: நோயாளிக்குச் சிகிச்சை விவரத்தை அவருக்குப் புரியும் எளிய மொழியிலோ சைகை மொழியிலோ படங்கள் வழியாகவோ சொல்ல வேண்டும். இதை அச்செடுத்துக்கொண்டு, தம்பி படித்த பள்ளியின் சைகை மொழி தெரிந்த ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் முறை போனேன். நீங்களும் கையில் தாளோடு போங்கள். வேறொரு டாக்டர் இருந்தார். படித்துப் பார்த்துவிட்டு முகக்கவசத்தைக் கழற்றினார். ஆசிரியை என்னை வெளியே இருக்கச் சொன்னார். கதவிடுக்கில் தெரிந்த தம்பியின் கைகள் 40 நிமிடம் ஓயவே இல்லை.

குரல் எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. மனச்சோர்வுதான். பழைய குறிப்பு தவறு என்று டாக்டரிடம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். விட்டிருந்தால் போகிற இடமெல்லாம் அது கூடவே வந்திருக்கும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, அவர்தான் படிப்படியாகக் குறைத்தார்.

அம்மாவுக்குக் கடைசியாகக் கஞ்சி ஊட்டியவன் தம்பி. அந்தக் கஞ்சியால்தான் இறந்தாள் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறான். மாரடைப்பு என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று இரவு இதயத்தைப் படமாக வரைந்து, அடைத்த குழாயைச் சிவப்பு மையால் காட்டினேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.