திரையில் நின்றுபோன பழைய எண்

எங்கள் ஆர்டர் மென்பொருளில் பிழை என்று பயனர் அனுப்பிய டிக்கெட்டில் இரண்டே வரிகள்தான் இருந்தன. "ஆர்டரின் அளவை 40-லிருந்து 14 ஆக மாற்றிச் சேமித்தேன். பட்டியலில் இன்னும் 40 என்றே காட்டுகிறது." கீழே ஒரு ஸ்கிரீன்ஷாட். பச்சை நிறத்தில் 'சேமிக்கப்பட்டது' என்ற செய்தி, அதற்கு நேர் கீழே 40.

அதைப் பார்க்கிறவர் எதை நம்புவார்? எங்கள் பயனர்கள் எண்ணைத்தான் நம்பினார்கள். திரும்பவும் சேமித்தார்கள், சிலர் மூன்று முறை. டேட்டாபேஸில் முதல் தடவையே 14 சரியாகப் பதிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு திருத்த அறிவிப்பு வாடிக்கையாளருக்குப் போய்க்கொண்டிருந்தது. திரை பழசைக் காட்டுவது அழகுப் பிரச்சினை அல்ல, ஒருவருடைய வேலையை நேரடியாகக் கெடுக்கிற பிழை என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

ஆனாலும் என் முதல் திருத்தம் ஒரே வரி. சேமிப்பு முடிந்ததும் பக்கத்தையே ரீலோட் செய்யச் சொன்னேன். 14 வந்தது. டிக்கெட்டை மூடினேன். மறுநாள் எங்கள் டெஸ்டர் அதைத் திரும்பத் திறந்துவிட்டார். ஃபில்டர் போட்டு, நான்காம் பக்கம் வரை போய் ஓர் ஆர்டரைத் திருத்தினால், ரீலோட் ஆகி முதல் பக்கத்தின் உச்சியில் வந்து நிற்கிறது, போட்ட ஃபில்டரும் போய்விடுகிறது என்று எழுதியிருந்தார். நாள் முழுக்க ஆர்டர் திருத்துகிறவர் ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்தைத் தேடி அலைய வேண்டும். அவர் சொன்னது முழுக்க நியாயம்.

அப்போது எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி பண்றத கொஞ்சம் நிறுத்துங்க. புது எண் எந்த இடம் வரைக்கும் வந்திருக்கு, எங்கேருந்து பழசாகுதுன்னு மட்டும் பார்ப்போம்" என்றார். இன்றுவரை இந்த வகைப் பிழை எது வந்தாலும் நான் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். சர்வரிலிருந்து திரைக்கு வருகிற வழியில் நாலைந்து இடங்கள்தான் உண்டு: சர்வர் அனுப்பும் பதில், அதை வாங்கி நினைவில் வைக்கும் ஸ்டேட், அங்கிருந்து திரையின் உள்பகுதிகளுக்கு ப்ராப்ஸ் வழியாகக் கீழே இறங்கும் மதிப்பு, கடைசியில் திரை. ஒவ்வொன்றிலும் நின்று பார்த்தால், எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் எண் பழசாகிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடைவெளியில்தான் பிழை இருக்கும்.

பிரவுசரின் நெட்வொர்க் டேபில் பார்த்தோம், பதிலில் 14. அடுத்து ஸ்டேட். மாற்றுவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என மதிப்பை அச்சிடும் இரண்டு கன்சோல் வரிகள் போட்டேன். விரித்துப் பார்த்தால் இரண்டிலும் 14. மாற்றுவதற்கு முன்பே எப்படி 14? குழம்பிவிட்டேன். அவர் திரையில் விரலை வைத்து, விரித்த ஆப்ஜெக்டுக்கு (ஓர் ஆர்டரின் விவரங்களைச் சேர்த்து வைத்த பொருள்) பக்கத்தில் இருந்த சின்ன 'ஐ' குறியைக் காட்டினார். குரோம் கன்சோலில் ஓர் ஆப்ஜெக்டை விரிக்கும்போது, அச்சிட்ட நேரத்து மதிப்பு தெரியாது, முதல்முறை விரிக்கிற நேரத்து மதிப்புதான் தெரியும். அந்தக் குறி சொல்வது அதைத்தான். ஆப்ஜெக்டை ஜேசான் எழுத்துச் சரமாக மாற்றி அச்சிட்டோம். இப்போது முன்னால் 40, பின்னால் 14. அதோடு ஆர்டர்களை வரிசையாக வைத்திருக்கும் பழைய அரேயும் புதிய அரேயும் ஒன்றா என்று மூன்று சமக்குறி போட்டுக் கேட்டோம். 'ட்ரூ', அதாவது ஆம் என்று வந்தது.

டெஸ்டர் டிக்கெட்டின் அடியில் எழுதியிருந்த இன்னொரு வரிக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. "தேடல் பெட்டியில் ஏதாவது ஓர் எழுத்தை அடித்தால் எண் சரியாகிவிடுகிறது." நான் அதைப் படித்துவிட்டுக் கடந்து போயிருந்தேன். அதுதான் முக்கியமான தடயம். எங்கள் கோட், பட்டியலில் இருந்த ஆர்டரின் அளவை நேரடியாக அங்கேயே மாற்றியது. பிறகு அந்த அரேயைச் சார்ட் செய்து, அதாவது வரிசைப்படுத்தி, திரும்ப ஸ்டேட்டில் வைத்தது. ஜாவாஸ்கிரிப்டின் சார்ட், புது அரே எதையும் தராது. இருக்கிற அரேயையே வரிசை மாற்றி, அதே அரேயைத் திருப்பித் தரும். எங்கள் திரைகளை வரையும் ஃபிரேம்வொர்க்கான ரியாக்டோ உள்ளே எண் மாறியதா என்று ஒவ்வொன்றாகத் துழாவாது. முன்பு கொடுத்ததும் இப்போது கொடுப்பதும் ஒரே பொருளா என்று மட்டும் பார்க்கும். கதவு எண் அதேதான் என்றால் வீட்டுக்குள் குடியிருப்பவர் மாறியது அதற்குத் தெரியாது. ஒன்றும் மாறவில்லை என்று எடுத்துக்கொண்டு ரெண்டரை, அதாவது திரும்ப வரைவதை, விட்டுவிடும். தேடல் பெட்டியில் எழுத்து அடித்ததும் வேறொரு ஸ்டேட் மாறும், அதற்காகப் பட்டியல் முழுக்கத் திரும்ப வரையப்படும், அந்தச் சாக்கில் 14-உம் வெளியே வரும். பச்சைச் செய்தி தனி காம்பொனென்ட் (திரையின் தனித் துண்டு), அதனால்தான் அது வந்தபோது பட்டியல் அசையவில்லை.

டேட்டா மாறுவது ஒன்று, மாறிவிட்டது என்று ஃபிரேம்வொர்க்குக்குத் தெரிவிப்பது வேறொன்று. நாங்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் தானாக நடக்கும் என்று இருந்துவிட்டோம். அரேயை நகல் எடுத்து, திருத்திய ஆர்டருக்கு மட்டும் புது ஆப்ஜெக்ட் போட்டு, நகலைச் சார்ட் செய்தோம். இப்போது ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான 2023-இன் எக்மாஸ்கிரிப்டில் டுசார்டட் என்ற முறையே வந்துவிட்டது. அது பழைய அரேயைத் தொடாமல் புதியதைத் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கைகளில் ஒன்று.

திருத்தத்தை உடனே வெளியிட மூத்தவர் ஒப்பவில்லை. "இதே மாதிரி வேற எங்க இருக்குன்னு தேடுங்க, அப்புறம் அனுப்பலாம்" என்றார். அந்த வாரம் முழுக்கத் தேடினேன்.

ஆயிரக்கணக்கான வரிசைகள் உள்ள இன்னொரு பக்கத்தில், அரேயை நகல் எடுத்தும் எண் மாறவில்லை. நகல் மேலோட்டமானது: அரே புதிது, உள்ளே இருந்த ஆப்ஜெக்டுகள் பழையவை. அங்கே ஒவ்வொரு வரிசையும் மெமோ போட்ட (ப்ராப்ஸ் மாறாவிட்டால் திரும்ப வரையாத) காம்பொனென்ட் என்பதால், தனக்கு வந்த ஆப்ஜெக்ட் அதேதான் என்று பார்த்து வரையாமல் இருந்துவிட்டது. அதைச் சமாளிக்க யாரோ வரிசைகளுக்குக் கீ-யாக, அதாவது ரியாக்ட் ஒவ்வொன்றையும் அடையாளம் காணும் பெயராக, ரேண்டம் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ரெண்டரிலும் எல்லா வரிசைகளையும் பிடுங்கிப் புதிதாக நட்டதுபோல ஆனது. எண் சரியாகத் தெரிந்தது. ஆனால் வரிசைக்குள் இருந்த பெட்டியில் ஓர் எழுத்து அடித்ததும் கர்சர் காணாமல் போனது.

என்னை உண்மையில் பயமுறுத்தியது வாடிக்கையாளர் படிவம். இடப்பக்கம் பெயர்ப் பட்டியல், வலப்பக்கம் முகவரிப் படிவம். முதல் பெயரைத் தேர்ந்தெடுத்தேன், முகவரி வந்தது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். தலைப்பில் பெயர் மாறியது, பெட்டியில் முகவரி முதலாமவருடையதே. அந்த நிலையில் சேமித்தால் ஒருவருடைய முகவரி இன்னொருவர் பெயரில் பதிந்துவிடும். கை நடுங்கியது. படிவம், ப்ராப்ஸில் வந்த முகவரியை ஸ்டேட்டை உருவாக்கும் யூஸ்ஸ்டேட்டின் தொடக்க மதிப்பாகக் கொடுத்திருந்தது. தொடக்க மதிப்பு, காம்பொனென்ட் முதன்முதலில் பிறக்கும்போது மட்டும்தான் எடுத்துக்கொள்ளப்படும். பிறகு ப்ராப்ஸ் எத்தனை தடவை மாறினாலும் ஸ்டேட் அதைக் கண்டுகொள்ளாது. தலைப்பு நேராக ப்ராப்ஸிலிருந்து படித்ததால் அது மட்டும் மாறியது.

மதிப்பு மாறும்போது ஒரு வேலையைத் தானாக ஓட்டும் யூஸ்எஃபெக்ட் வைத்து, ப்ராப்ஸ் மாறும்போதெல்லாம் ஸ்டேட்டில் நகல் எடுக்கலாமே என்று முதலில் செய்து பார்த்தேன். பின்னணியில் பட்டியல் புதுப்பிக்கப்பட்டதும் அதே வாடிக்கையாளருக்குப் புது ஆப்ஜெக்ட் வந்தது, எஃபெக்ட் ஓடியது, நான் பாதி தட்டிக்கொண்டிருந்த முகவரி கண்முன்னாலேயே அழிந்தது. கடைசியில் படிவத்துக்குக் கீ-யாக வாடிக்கையாளரின் அடையாள எண்ணைக் கொடுத்தேன். ஆள் மாறினால் படிவம் புதிதாகப் பிறக்கும், அதே ஆள் என்றால் எழுதியது அப்படியே இருக்கும். ரேண்டம் எண்ணாக வந்தபோது கெடுதல் செய்த அதே கீ, சரியான பொருளோடு வந்தபோது எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்தது! இங்கே கீ என்பது 'இது யார்' என்ற கேள்விக்குப் பதில்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: தேர்ந்தெடுத்த ஆர்டரை முழு ஆப்ஜெக்டாகத் தனி ஸ்டேட்டில் வைப்பது. பட்டியல் புதுப்பிக்கப்படும், விவரப் பக்கம் பழைய நகலையே பிடித்துக்கொண்டு நிற்கும். அடையாள எண்ணை மட்டும் ஸ்டேட்டில் வைத்து, ஆர்டரைப் பட்டியலிலிருந்து தேடி எடுத்தால் போதும். ஒரே மதிப்பை இரண்டு இடத்தில் வைத்தால் என்றாவது ஒருநாள் இரண்டும் முரண்படும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

30 நொடிக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பிக்கும் டைமரிலும் சிக்கல் இருந்தது. பயனர் ஃபில்டரை மாற்றுவார், சரியாக வரும், அடுத்த சுற்றில் பழைய ஃபில்டரின் பட்டியலே திரும்பி வந்துவிடும். எவை மாறினால் எஃபெக்ட் திரும்ப ஓட வேண்டும் என்று சொல்லும் சார்புப் பட்டியல் காலியாக இருந்ததால், டைமருக்குள் இருந்த ஃபங்ஷன் பக்கம் திறந்தபோது இருந்த ஃபில்டரையே நினைவில் வைத்திருந்தது. 2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8-இல் ஹூக்குகள் (யூஸ்ஸ்டேட், யூஸ்எஃபெக்ட் போன்றவை) வந்ததிலிருந்து பலரையும் படுத்துகிற பழைய குளோஷர், அதாவது பழைய மதிப்பையே பிடித்துவைத்திருக்கும் ஃபங்ஷன், இதுதான். இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே கோடைச் சோதிக்கும் லின்ட் விதி உண்டு. எங்கள் கோட்டில் அந்த எச்சரிக்கையை ஒரு கமென்ட் வரி போட்டு அணைத்து வைத்திருந்தார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, ஃபில்டரைச் சார்புப் பட்டியலில் சேர்த்து, பழைய டைமரை நிறுத்தும் கிளீனப்பையும் எழுதினேன்.

தேடலில் வேறு மாதிரி. வேகமாகத் தட்டினால் முதல் எழுத்துக்கான பதில், மூன்றாம் எழுத்துக்கான பதிலுக்குப் பின்னால் வந்து சேர்ந்து அதை மூடிவிடும். அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு முந்தைய கோரிக்கையை ரத்து செய்தேன்.

ரியாக்டுக்குப் பதிலாக வியூ 2 என்ற வேறு ஃபிரேம்வொர்க்கில் எழுதிய பழைய பக்கம் ஒன்றும் எங்களிடம் இருந்தது. அங்கே மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வழி வேறு: ஒவ்வொரு பண்புக்கும் முன்கூட்டியே காவல் போட்டு வைக்கும். அதனால் பிற்பாடு புதிதாகச் சேர்த்த பண்பும், இன்டெக்ஸ் கொடுத்து மாற்றிய அரே மதிப்பும் அதன் கண்ணில் படாது. வியூ.செட் போட்டுச் சொல்ல வேண்டும். 2020-இல் வந்த வியூ 3 ஆப்ஜெக்டை முழுவதுமாகக் கண்காணிக்கும் ப்ராக்ஸிக்கு மாறியதால் அந்தத் தொல்லை போய்விட்டது. அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தொடவில்லை.

வார இறுதியில் எல்லாவற்றையும் சேர்த்து டெஸ்டருக்குக் கொடுத்தோம். நான் போட்ட ரீலோட் வரியை நானே அழித்திருந்தேன். அவர் ஃபில்டர் போட்டு, நான்காம் பக்கம் போய், ஓர் ஆர்டரைத் திறந்து 40-ஐ 14 ஆக்கினார். பச்சைச் செய்தி வந்தது, கீழே 14. பக்கம் அசையவில்லை. தேடல் பெட்டியில் ஓர் எழுத்தை அடித்தார், அழித்தார். 14 அப்படியே இருந்தது. "இப்போ சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அந்த டிக்கெட்டை அவரே மூடினார்.