சாவி யாரிடம் இருக்கிறது?

மெய்நிகர் உலகங்களில் குழு நடத்துகிறவர்களுக்கும், அந்த உலகங்களுக்காகக் கொழும்பிலிருந்து மொடரேட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கும் முதல் தலையிடி மணிக்கூடுதான். விண்வெளிக் கப்பல்களை ஓட்டிச் சண்டையிடும் கேமான ஈவ் ஒன்லைன் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாள்தோறும் 11:00 மணிக்கு சேர்வரை நிறுத்தி மறுபடி எழுப்புவார்கள், அது நமக்குப் பின்னேரம் 4:30. ஐரோப்பியர்கள் வேலை முடிந்து வந்து கூடும்போது இங்கே நள்ளிரவு. ஆட்கள் காணி வாங்கி, வீடு கட்டிப் பழகும் மெய்நிகர் உலகமான செகண்ட் லைஃப் கலிபோர்னியா நேரத்தில் ஓடுகிறது. அங்கே சனி நண்பகல் என்று அறிவித்த கூட்டம் அவர்களுடைய கோடையில் நமக்கு ஞாயிறு அதிகாலை 12:30, குளிர்காலத்தில் 1:30. அமெரிக்கா மார்ச்சிலும் நவம்பரிலும் மணிக்கூட்டை மாற்றும், நாம் மாற்றுவதில்லை. அந்தக் கிழமைகளில் ஆட்கள் ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ வருவது அதனால்தான். அறிவித்தலில் இரண்டு நேரத்தையும் கிழமையோடு எழுத வேண்டும். "நாளைக்கு இரவு" என்று எழுதவே கூடாது.

நேரம் பிடிபட்ட பிறகு வருவது அதிகாரம். ஒழுங்குவிதிகளை அழகாக எழுதி மேலே பின் பண்ணி வைத்திருக்கிற குழுக்கள் எத்தனையோ. ஆனால் ஒரு குழுவின் உண்மையான யாப்பு பெர்மிஷன் திரையில்தான் இருக்கிறது. யார் ஆளை வெளியேற்றலாம், யார் காசை எடுக்கலாம், யார் காணியில் கிடக்கும் பொருளைத் திருப்பி அனுப்பலாம் என்பதெல்லாம் அங்கே ஒவ்வொரு சரிக்குறியாக எழுதப்பட்டிருக்கிறது. செகண்ட் லைஃபில் அந்த உலகத்தின் காசான லிண்டன் டொலரில் 100 கொடுத்துக் குழு தொடங்கலாம். ஒரு குழுவுக்குப் பத்துப் பதவி வரை வைக்கலாம், ஓனர் பதவியும் அதில் அடக்கம். ஒரு ஓனரை இன்னொரு ஓனர் நீக்க முடியாது, அவராக விலகினால்தான் உண்டு. நல்ல பிள்ளை, நிறைய உழைக்கிறார் என்று சந்தோஷத்தில் ஓனர் பதவி கொடுத்த குழுக்கள், பிறகு மனஸ்தாபம் வந்ததும் அந்தக் குழுவை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் குழு தொடங்க வேண்டி வருகிறது. வாசலில் வரவேற்கிறவருக்கு அழைக்கும் அதிகாரம் மட்டும் போதும். காணியும் காசும் வெவ்வேறு பதவிகளில் இருக்கட்டும். ஓனர் இரண்டு பேர் இருந்தால் நல்லது, அதுவும் வெவ்வேறு நேர வலயங்களில்.

ஈவில் இதன் விலை இன்னும் பெரியது. 2009 பெப்ரவரியில் பேண்ட் ஒஃப் பிரதர்ஸ் என்ற பலம் வாய்ந்த கூட்டணியின் டைரக்டர் ஒருவர் எதிர்த்தரப்புக்கு மாறி, தன் கையிலிருந்த அதிகாரத்தாலேயே அந்தக் கூட்டணியைக் கலைத்துவிட்டார். யாரும் ஹேக் செய்யவில்லை, கேமின் விதியும் மீறப்படவில்லை. 2014 ஜனவரி 27ஆம் திகதி பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் வெடித்த சண்டையின் தொடக்கமும் ஒரு கணக்கு வேலைதான். அந்த மண்டலத்தின் உரிமைக் கட்டணம் உரிய நேரத்துக்குக் கட்டப்படவில்லை. சுமார் 21 மணித்தியாலம் நடந்த அந்தச் சண்டையில் 7,500க்கு மேற்பட்டவர்கள் பங்கெடுத்தார்கள், கேமின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. சேர்வர் தாங்குவதற்காக அங்கே காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்து ஓட்டினார்கள். கட்டணங்களைத் தானியங்கியில் போட்டிருந்தாலும் பணப்பையில் மீதி எவ்வளவு என்று கிழமைக்கு ஒரு தரம் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

நம்மவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. விலகிப் போனவரிடமிருந்து பதவியை எடுக்க முகத்துக்கு அஞ்சுவோம். "அண்ணை என்ன நினைப்பார்" என்று ஆறு மாதம் வராதவரிடமும் சாவி கிடக்கும். இதற்கு நல்ல வழி, மாதத்தின் முதலாம் திகதி ஓனர் தவிர மற்ற எல்லாருடைய உயர் பதவிகளையும் எடுத்துவிட்டு, அன்றைக்கு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுப்பது. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றால் ஒருவரும் மனம் நோக மாட்டார்.

கொம்பனித் தலைமைக்கும் இதே கேள்விதான். 1990இல் ஸெரொக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுகூடத்தில் பவெல் கர்ட்டிஸ் தொடங்கிய படமில்லாமல் எழுத்தாலேயே நடக்கும் லாம்டாமூ என்ற மெய்நிகர் உலகத்தில், நிர்வாகிகள் இனி தொழில்நுட்ப வேலை மட்டும்தான் செய்வார்கள், மக்கள் பிணக்கை மக்களே தீர்க்கட்டும் என்று 1992 முடிவில் அறிவித்தார்கள். மறு வருடமே ஒருவர் மற்றவர்களின் பாத்திரங்கள் ஆபாசமாக நடப்பதுபோல் எல்லார் திரையிலும் எழுத்து வரவைத்தார். தண்டிக்க ஊரிடம் கருவி இருக்கவில்லை, கடைசியில் ஒரு நிர்வாகி தனியாளாக அவரை நீக்கினார். அதன் பிறகு மனு, வாக்கெடுப்பு என்று முறைகள் வந்தன. 1996இல் நிர்வாகிகள் மறுபடி பொறுப்பை ஏற்றார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பு மட்டும் உங்களுடையது என்று சொன்னால் அது எங்கேயும் நிற்காது.

2011 கோடையில் ஈவை நடத்தும் சிசிபி, கேமுக்குள் கண்ணாடி, உடுப்பு விற்கும் கடையைத் திறந்தது. விலையும், வெளியே கசிந்த உள்வட்டக் கடிதங்களும் சேர்ந்து ஆட்களைக் கொதிக்க வைத்தன. கேமின் பெரிய சந்தையான ஜிட்டாவில் உள்ள நினைவுச் சின்னத்தைச் சுற்றிக் கப்பல்கள் திரண்டு சுட்டன. கொம்பனி, வீரர்கள் தெரிவு செய்த சபையை ரெய்க்யவிக்குக்கு அழைத்துப் பேசியது. தலைவர் ஹில்மார் பெத்துர்ஸன் ஒக்டோபரில் மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஜூனில் வந்திருக்க வேண்டிய கடிதம் அது என்பது என் எண்ணம். கோபம் எழும் முதல் நாளில் தீர்வு தேவையில்லை. "பார்த்தோம், இன்ன மணிக்கு மறுபடி எழுதுகிறோம்" என்ற ஒரு வரியும், சொன்ன மணிக்கு இன்னொரு வரியும் தேவை. இரவில் அதை எழுதும் அதிகாரம் கொழும்பு மேசைக்கு இல்லாவிட்டால், தலைமையகத்தில் விடியும் வரை இங்கே நெருப்பு எரியும்.

சண்டை பிடிக்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷொட், அழிப்பது பிறகு. அடுத்து இரண்டு பேரையும் பொது அரட்டையிலிருந்து எடுத்துத் தனித்தனியாகப் பேச வேண்டும். ஒரே அறையில் இரண்டு பேரையும் இருத்தினால் நமக்காக மறுபடி முதலிலிருந்து ஆடுவார்கள். பேச்சுத் தடை முதல் தரம் 15 நிமிடம் போதும், பெரும்பாலும் அதற்குள் சூடு ஆறிவிடும். கெட்ட சொல்லைத் தானாகத் தடுக்கும் வடிகட்டியை நம்ப வேண்டாம். தமிழ்த் தூஷணத்தை ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாக எழுதலாம், மொழிபெயர்ப்புக் கருவிக்கும் அது விளங்காது. அதனால் வெளிநாட்டு மேற்பார்வையாளருக்கு அறிக்கை அனுப்பும்போது சொல்லின் பொருளோடு அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது, எவ்வளவு கனம் என்பதையும் எழுத வேண்டும். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்திருக்கும் குழுவில், போர் முடிந்ததை நினைக்கும் மே 18, 19 இரண்டு நாளும் ஆள் குறையாமல் இருக்க வேண்டும். ஒருவர் விளக்கேற்றும் படத்தை வைப்பார், இன்னொருவர் கொடியை வைப்பார். மூன்று மொழியும் தெரிந்தவர் ஒருவரையாவது அன்றைய இரவுக்குப் போடுங்கள்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த ஊர் இது. ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் சில மணித்தியாலம் தாங்கும், ஆனால் வெட்டு நீண்டால் கோபுரத்தின் பற்றரியும் இறங்கி போன் சிக்னலும் போகும். நிகழ்ச்சியோ படை நகர்வோ நடத்துகிறவர் தொடங்குவதற்கு முன்பே, தன் லைன் அறுந்தால் யார் பேச்சை எடுப்பது என்று பெயர் சொல்லிவிட வேண்டும். அந்த ஆளுக்குத் தேவையான பெர்மிஷனையும் அப்போதே கொடுத்து, ஒரு தரம் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.