சரக்குக் கப்பலில் ஓர் அடுப்பு

சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் நான் இருந்த காலத்தில், பழைய எண்ணெய்க் கப்பல்களைக் கடலில் நிலையாக நின்று கச்சா எண்ணெய் சேமிக்கும் மிதவை நிலையங்களாக மாற்றுவதுதான் பெரிய வேலை. உடம்பு பழசு, தொழில் புதுசு. எனக்குத் தீப்பாதுகாப்புப் பொறுப்பு. எந்தக் கப்பல் உள்ளே வந்தாலும், இதில் நெருப்பு எங்கே வரப்போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். லகோடா என்ற பாய்மரக் கப்பலின் கதை கண்ணில் பட்டதும் அந்தப் பழக்கத்தில்தான் படித்தேன்.

1826-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், சிச்சுவேட் என்ற ஊரில் கட்டிய சரக்குக் கப்பல் அது. 1841-ல் நியூ பெட்ஃபோர்டு முதலாளி ஜோனத்தன் போர்ன் அதை வாங்கித் திமிங்கில வேட்டைக்கு மாற்றினார். நல்ல தேர்வு என்றே சொல்வேன். திமிங்கிலத்தைத் துரத்துவது கப்பல் இல்லை, அதிலிருந்து இறக்கும் சிறு படகுகள். கப்பலுக்கு வேகம் தேவையில்லை, வயிறு பெரிதாக இருக்க வேண்டும். மூன்று நான்கு வருஷம் ஊர் திரும்பாத பயணத்துக்குச் சாமானும் பீப்பாயும் அதில் அடங்க வேண்டும்.

மாற்றத்தில் முக்கியமானது மேல்தளத்தில் செங்கல் வைத்துக் கட்டும் அடுப்பு. அதில் பெரிய இரும்புக் கொப்பரைகளைப் பதித்து, திமிங்கிலக் கொழுப்பை வெட்டிப் போட்டு உருக்குவார்கள். பற்றவைக்க மட்டும் விறகு. அப்புறம் எண்ணெய் வடிந்த சக்கையே எரிபொருள். யோசித்துப் பாருங்கள்: மரத்தளம், தார் பூசிய கயிறுகள், மேலே பாய், கீழே எண்ணெய்ப் பீப்பாய்கள், நடுவில் இரவு பகலாக எரியும் அடுப்பு. இதற்கு அவர்கள் கண்ட வழி, அடுப்புக்கும் தளத்துக்கும் இடையில் ஆழமில்லாத ஒரு தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் வற்றினால் தளம் கருகும், ஆகவே தொட்டியை ஓர் ஆள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் யார்டில் ஃபயர் வாட்ச் என்று நிற்கும் பையனுக்கும் அதே வேலைதான். வெல்டிங் நடக்கும் தகட்டின் மறுபக்கத்தில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பான். "இவன் ஏன் சும்மா நிற்கிறான்?" என்று கேட்ட மேலாளர்கள் உண்டு. ஒன்றும் நடக்காமல் அந்த நாள் முடிந்தது அவன் நின்றதால்தான்.

வேட்டையைப் பெருமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. அத்தனை பெரிய உயிர்களைக் கொன்று உருக்கிய தொழில் அது. ஆனால் 1871-ல் லகோடா செய்த காரியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அலாஸ்காவின் வடகரையில் பனி நெருக்கி, செப்டம்பரில் 33 வேட்டைக் கப்பல்களைக் கைவிட வேண்டியதாயிற்று. பெண்களும் குழந்தைகளும் உட்பட 1,219 பேர் சிறு படகுகளில் ஏறி, பனிக்கு நடுவே தெற்கே வந்தார்கள். பனிக்கு வெளியே தப்பி நின்ற ஏழு கப்பல்களில் லகோடாவும் ஒன்று. அது 195 பேரை ஏற்றிக்கொண்டது. ஆட்களுக்கு இடம் வேண்டும் என்று அந்தக் கப்பல்கள் எண்ணெயையும் வேட்டைச் சாமான்களையும் கடலில் எறிந்தன. வேட்டைக் கப்பலில் மாதச் சம்பளம் கிடையாது. கிடைத்த எண்ணெயில் ஆளுக்கு ஒரு பங்குதான் கூலி. கடலில் போனது முதலாளியின் சரக்கு மட்டும் இல்லை, எறிந்தவர்களின் கூலியும்தான். எல்லாரும் ஹோனலூலு போய்ச் சேர்ந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அதன் பிறகும் வேட்டைக்குப் போய் வந்த லகோடாவை 1886-ல் விற்றுவிட்டார்கள். கடைசியில் ஜப்பானில் கரி சேமிக்கும் வெற்றுக் கூடாகக் கிடந்து, 1899-ல் யோகோஹாமாவில் எரிக்கப்பட்டது. போர்னின் மகள் எமிலி, தந்தையின் நினைவாக, அதே கப்பலைப் பாதி அளவில் நியூ பெட்ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குள் கட்டவைத்தார். 1916 முதல் அது அங்கே நிற்கிறது. ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 107 அடி நீளக் கப்பலில், சொந்த ஆட்களையும் வைத்துக்கொண்டு, அந்த 195 பேரை எங்கே படுக்க வைத்தார்கள் என்று தளத்தை அளந்து கணக்குப் போட எனக்கு ஆசை.