ஸ்குவாமோசா என்று வாங்கிய மட்டி: எட்டு மாதக் கணக்கு

பெப்ரவரி கடைசியில் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில், ரெஜிபோம் பெட்டியொன்றை மடியில் வைத்தபடி திருகோணமலை வந்து சேர்ந்தேன். பெட்டிக்குள் பை, பைக்குள் என் கடல்நீர் மீன்தொட்டிக்கு வாங்கிய ஒரு இராட்சத மட்டி. பெயருக்குத்தான் இராட்சதம், ஓட்டின் நீளம் 6.8 சென்ரிமீற்றர். இராட்சத மட்டியில் பல இனம் உண்டு, கடைக்காரர் இதை ஸ்குவாமோசா இனம் என்றுதான் தந்தார். மணலில் வைத்தால் போதும், வெளிச்சம் பெரிதாகத் தேவைப்படாது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல மட்டி இல்லை என்றார். நானும் நம்பினேன். ஓட்டில் செதில் செதிலாக நீட்டிக்கொண்டிருந்தது, ஸ்குவாமோசா என்றால் செதில் இருக்கும் என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்த அடையாளம்.

‘புறாமலையில் கிடக்காததா, ஒரு முழுக்குப் போட்டு எடுத்து வந்திருக்கலாமே, இதுக்குப் போய்க் காசு குடுத்தியா’ என்று கேட்ட நண்பர்கள் இருக்கிறார்கள். நிலாவெளிக் கரைக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே இருந்து செத்த ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. அதோடு இந்த மட்டிகள் எல்லாமே காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருப்பவை, அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு போக முடியாது. என்னுடையது பண்ணையில் முட்டையிலிருந்து வளர்த்தது, பத்திரத்தைப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். பூங்காவோ சட்டமோ இல்லாவிட்டாலும், கல்லில் வேர் பிடித்ததைப் பெயர்த்து எடுத்தால் பெரும்பாலும் செத்துப்போகும். ஏன் என்று கீழே வருகிறது, அதை நானே செய்யப் பார்த்தேன்.

என் தொட்டி நான்கடி, உள்ளே கிட்டத்தட்ட 250 லீற்றர் தண்ணீர், இரண்டு வருடப் பழசு. ஒரு சோடி நீமோ மீன், கொஞ்சம் மென்பவளம், மூன்று நான்கு கல்பவளம். மட்டியைக் கொறிக்கிற ஏஞ்சல் மீனோ வண்ணத்துப்பூச்சி மீனோ இல்லை. பையைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு, ஒன்றரை மணித்தியாலம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து, பிறகு முன்பக்கக் கண்ணாடியோரம் மணலில் வைத்தேன். இருபது நிமிடத்தில் விரிந்தது. நீலமும் பொன்னும் கலந்த சதை, ஓரத்தில் கறுப்புப் பொட்டு வரிசை. அம்மாவே அடுப்படியிலிருந்து வந்து ‘வடிவாத்தான் இருக்கு’ என்றுவிட்டுப் போனார், இந்தத் தொட்டிக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

மார்ச் முதல் வாரம் முழுக்க ஒரே கூத்து. இரவு மணலில் நிமிர்ந்து நிற்கும், காலையில் பார்த்தால் கண்ணாடியோடு சாய்ந்து கிடக்கும். நிமிர்த்தி வைப்பேன், மறுநாள் திரும்பவும் அதே. தட்டிவிடுகிறது நீமோதான் என்று நினைத்து அவற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் தூக்கப் போனபோது லேசாக இழுபட்டது. குனிந்து பார்த்தால், அடியிலிருந்து கண்ணாடிக்கு ஐந்தாறு நூல், மீன் நரம்பை விட மெல்லியது, பால் நிறம். இதுதான் பைசஸ் நூல், மட்டி தன்னைக் கல்லோடு கட்டிக்கொள்கிற கயிறு. அதைப் பிடித்து இழுத்தால் நூல் மட்டும் அறாது, நூலைச் சுரக்கிற சுரப்பியும் சதையோடு பிய்ந்து வரும், அந்தக் காயம் அநேகமாக ஆறாது. நான் அரை அங்குலம் இழுத்துவிட்டிருந்தேன். கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு பழைய தொலைபேசி அட்டை ஒன்றைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் நுழைத்து, நூலைக் கண்ணாடிப் பக்கத்தில் அறுத்து விடுவித்தேன்.

மணல் போதும் என்று சொல்லப்பட்ட பிராணி எதற்காக இப்படிப் பிடிமானம் தேடுகிறது? அன்று பின்னேரம் தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து, மட்டியை அதற்குள் வைத்து, வாங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டியதை அப்போதுதான் பார்த்தேன்.

நிறத்தை மறந்துவிடுங்கள், நீலம், பச்சை, மண்ணிறம் எல்லாம் ஒரே இனத்திலேயே வரும். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு ஓடும் சேருகிற கீல். ஸ்குவாமோசாவில் கீல் ஓட்டின் நீளத்தில் கிட்டத்தட்டப் பாதி இருக்கும், ஓடு இரண்டு பக்கமும் ஒரே அளவாக விசிறி மாதிரி விரியும். என்னுடையதில் கீல் குட்டை, அதற்கு ஒரு பக்கம் ஓடு நீண்டு மறுபக்கம் குறுகிக் கோணலாக இருந்தது. அடுத்தது செதில். ஸ்குவாமோசாவின் செதில்கள் பெரியவை, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு நிற்பவை, இதில் சின்னச் சின்னதாக நெருங்கி அடுக்கியிருந்தன. கடைசியாக அடியில், கீலுக்குப் பக்கத்தில், நூல் வெளிவருகிற வாய். ஸ்குவாமோசாவுக்கு அது சிறியது, டெராசா என்ற இன்னொரு இனத்துக்கு அதைவிடச் சின்னது, ஓடும் வழுவழுப்பு. இதற்கோ என் சுண்டுவிரல் நுனி போகிற அளவு. வாய் இன்னும் பெரிதாகி, செதிலெல்லாம் தேய்ந்து மொட்டையாக இருந்திருந்தால் குரோசியா இனம் என்று சொல்லலாம். அது கல்லைக் குடைந்து உள்ளே இறங்குகிற சாதி, 15 சென்ரிமீற்றரோடு வளர்ச்சி நின்றுவிடும். கோணல் ஓடு, நெருங்கிய செதில், பெரிய வாய், ஓரம் முழுக்கக் கண் பொட்டு: இது மாக்சிமா இனம். சின்னதில் மாக்சிமாவுக்கும் செதில் எடுப்பாகத் தெரியும், அதனால் கடைக்காரர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் மட்டி விற்கிறவர் அதைத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டாமா?

பெயர் மாறினால் இடமும் மாறுகிறது. மாக்சிமா பவளக்கல்லில் ஒட்டி, நல்ல வெயிலில் வாழ்கிற மட்டி. நிலாவெளிப் பக்கம் கண்ணாடி போட்டு நீந்தும்போது கல் இடுக்கில் ஒரு நீலக் கோடு தெரிந்து, நம் நிழல் பட்டதும் சட்டென்று ஒடுங்குமே, அந்த மாதிரி. உள்ளங்கையளவு தட்டையான கல்துண்டு ஒன்றில் வைத்தேன். இரண்டே இரவில் பிடித்துக்கொண்டது. இனி நகர்த்த வேண்டுமென்றால் கல்லோடு தூக்கலாம், இந்த ஒரு யோசனை மட்டும் முன்பே வந்திருந்தால் அந்த வாரம் மிஞ்சியிருக்கும். அப்புறம் உடனே உச்சிக்கு ஏற்றவில்லை. சதைக்குள் குடியிருக்கிற பாசிதான் வெளிச்சத்தை உணவாக்கி மட்டிக்குக் கொடுக்கிறது, திடீரென்று அதிக வெளிச்சம் பட்டால் அந்தப் பாசி வெளியேறிச் சதை வெளுத்துவிடும். நடுத்தட்டில் மூன்று வாரம், பிறகு மேல்தட்டு, லைட்டை வாரம் ஐந்து வீதமாகக் கூட்டினேன்.

ஏப்ரலும் மேயும் வெக்கை. தண்ணீர் 31 பாகை வரை போனது. தண்ணீரைக் குளிராக்குகிற சில்லர் வாங்கக் காசில்லை, மேசை விசிறி ஒன்றைத் தண்ணீர்ப் பரப்புக்கு நேரே திருப்பி வைத்தால் இரண்டரைப் பாகை இறங்குகிறது. ஆனால் ஒரு நாளைக்கு நாலு லீற்றர் ஆவியாகிறது, உப்பு மிஞ்சுகிறது, ஆகவே காலையும் மாலையும் ஆர்ஓ தண்ணீர், அதாவது உப்பு வடிகட்டிய நல்ல தண்ணீர், ஊற்ற வேண்டும்.

ஜூனில் ஒரு பயம். பகலிலும் மட்டி முழுதாக விரியவில்லை, ஓரம் ஒரு பக்கம் மடிந்தே கிடந்தது. தண்ணீர்ச் சோதனை எல்லாம் சரி. இரவு பதினொரு மணிக்கு ரோர்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டின் மேல்விளிம்பில், சதை தொடங்குகிற இடத்தில், பச்சரிசிக் குருணை ஒட்டியது போல ஏழெட்டு வெள்ளை மணிகள். ஒன்றை ஊசியால் தொட்டதும் நகர்ந்தது. பிரமிடெல்லா நத்தை, மட்டியின் சதையில் குழாயைக் குத்தி உறிஞ்சுவது, பகலில் ஓட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்வது. கல்லோடு வாளிக்கு மாற்றி, பழைய பல்துலக்கியால் செதில் செதிலாகத் தேய்த்தேன், பதினொன்று விழுந்தது. செதில்களுக்கு இடையில் பசை மாதிரித் தெளிவான முட்டைத் திட்டுகளும் இருந்தன, அவற்றை விட்டால் இரண்டு வாரத்தில் திரும்பப் படையெடுப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று வாரம் இதே வேலை. ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஒன்று நல்ல அறிகுறி, ஓட்டின் விளிம்பில் சுண்ணாம்பு பூசியது போலப் புது வெள்ளைக் கோடு. வளர்கிறது என்று அர்த்தம், தண்ணீரிலிருந்து கல்சியமும் காரமும் இழுக்கிறது என்றும் அர்த்தம். ஆகஸ்டில் காரம் வாரத்துக்கு ஒரு டிகிரி (வெப்பமல்ல, காரத்தை அளக்கிற dKH அலகு) இறங்கத் தொடங்கியது, கல்பவளங்களுக்கும் அதில் பங்குண்டு. 250 லீற்றரில் ஒரு டிகிரி ஏற்ற அப்பச்சோடா ஏழரைக் கிராம் அளவில் போதும், கரைத்து இரண்டு நாளாகப் பிரித்து ஊற்றுகிறேன். பேக்கிங் பவுடர் அல்ல, கவனம். கல்சியத்தை லீற்றருக்கு 420 மில்லிகிராமில் பிடித்து வைத்திருக்கிறேன். ‘வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடன், அதுவும் இதுவும் ஒண்டுதானே’ என்றார் அம்மா. அவர் சொன்னதில் பாதி சரி, சுத்தமான கல்சியம் ஐதரொட்சைட்டைத்தான் பலர் இதற்குப் பாவிக்கிறார்கள். கடைச் சுண்ணாம்பில் வேறு என்னென்ன கலந்திருக்குமோ என்று நான் தொடவில்லை.

சல்லிக் கிராமத்தில் கடற்றொழில் செய்கிற மாமா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ‘தம்பி, இது காலைப் பிடிச்சா விடாதாம்’ என்றார். ஒரு மீற்றருக்கு மேல் வளர்கிற கைகாஸ் இனத்தை வைத்துக் கட்டிய கதை அது. அதுகூட மெதுவாகத்தான் மூடும், ஆளைப் பிடித்து வைத்திருந்ததாக நம்பகமான பதிவு கிடையாது. என்னுடையது பிடித்தால் தீக்குச்சி அகப்படலாம்.

ஒக்டோபர் 20: நீளம் 8.1 சென்ரிமீற்றர். கண்ணாடியருகே கை போனால் ஒடுங்குகிறது, பத்து விநாடியில் திரும்ப விரிகிறது. இனி வாடைக்காலம். மழை கொட்டினால் இங்கே கரையோரக் கடல்நீரின் உப்பு இறங்கிவிடும், போன டிசம்பரில் நான் எடுத்த தண்ணீரின் உப்பை அளந்தால் தன்னடர்த்தி 1.021தான் காட்டியது, மார்ச்சில் அதே இடத்தில் 1.025. அதனால் இப்போதே கலங்கலில்லாத நாளாகப் பார்த்து, மாமாவின் போட்டில் வெளியே போய் எட்டுக் கான் நிரப்பி வந்து குசினிச் சுவரோரம் அடுக்கியாயிற்று. ‘மழைக்குச் சனம் அரிசி சேர்க்குது, இவன் உப்புத்தண்ணி சேர்க்கிறான்’ என்று அம்மா மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் நாலு கான் வேண்டும்.