நகவெட்டியும் சரக்கொன்றை விதையும்

மாசி: சரக்கொன்றைக் காய் மரத்திலேயே கறுத்துக் காய்ந்து, ஆட்டினால் கடகடவென்றால் எடுக்கலாம். தெருமுனை மரத்தடியில் பொறுக்கியவை ஏறக்குறைய ஒரு முழம். சுத்தியலால் தட்டிப் பிளந்தால், காசு அடுக்கிய மாதிரி குறுக்குத் தட்டுகள். ஒவ்வொரு அறையிலும் கறுப்புப் பிசுக்கு, அதில் ஒட்டிய தட்டையான பழுப்பு விதை. சித்த வைத்தியத்தில் மலமிளக்கியாகச் சேர்க்கும் கொன்றைப்புளி இந்தப் பிசுக்குதான். அந்த வாடையை எப்படித்தான் விழுங்குகிறார்களோ! சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

பங்குனி: விதைத்தோல் லேசில் தண்ணீர் குடிக்காது. கொதிநீர் ஊற்றி ஆறவிட்டதில் பாதிக்கு மேல் கல்லாகவே கிடந்தன. உப்புத்தாள் பரவாயில்லை, ஆனால் விதைக்கு முன் என் விரல்நுனி தேய்கிறது. என் ஓட்டு நகவெட்டிக்கே. முளை இருக்கும் முனையை விட்டுவிட்டு, எதிர்ப்பக்க விளிம்பில் உள்வெள்ளை எட்டிப்பார்க்கும் அளவுக்கு ஒரு கடி, அவ்வளவுதான். இரவு ஊறவைத்தால் காலையில் உப்பி, தோல் வழுவழுவென்று கழல்கிறது. உப்பாததை இன்னொரு கடி கடித்து மறுபடி ஊறப்போடலாம்.

ஆணிவேர் ஆழம் தேடும். ஆகவே அகலத் தொட்டி வேண்டாம். ஒரு லிட்டர் பால் பாக்கெட், அடியில் ஓட்டை.

ஆடி: கொழுந்தெல்லாம் மொட்டை. நடுநரம்போடு ஒட்டிப் படுத்திருந்த பச்சைப் புழுக்களைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. கொன்றை வகைகளைத் தேடி முட்டையிடும் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள். மருந்து அடிக்கவில்லை; புழு கூடு கட்டப் போனதும் செடி மறுபடி துளிர்த்துவிட்டது.

நோஞ்சானாக நின்ற ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தேன். முடிச்சு ஒன்றுகூட இல்லை. பக்கத்துப் பாக்கெட் அகத்தியின் வேரில் குண்டுமணி குண்டுமணியாக முடிச்சுகள், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. இரண்டும் பயறுக் குடும்பம்தான். ஆனால் அகத்திக்குக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்க நுண்ணுயிர்கள் கூட்டு சேர்கின்றன. சரக்கொன்றைக்கு அந்தக் கூட்டாளிகள் கிடையாது. ‘பயறு இனம், உரமே வேண்டாம்’ என்று நர்சரிகளில் சொல்வதை இதற்குக் கேட்காதீர்கள். மண்புழு உரம் வைத்த பிறகுதான் இலையில் பச்சை ஏறியது.

ஐப்பசி: மழை பிடிப்பதற்குள் இரண்டைத் தரையில் நட்டாயிற்று. தண்ணீர் தேங்காத மேடு, முழு வெயில். விதைக்கன்று பூக்கச் சில வருடங்கள் பிடிக்கும். அதுவரை கை சும்மா இருக்காதே, அடுத்து மயில்கொன்றை. அதன் விதைத்தோலும் தண்ணீர் விடாத ரகம்தான். பெரிய நகவெட்டியாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.